ஓட்டுக்கூரை வௌவாலும் எலியும்: எதை முதலில் மூடுவது, எதைக் கடைசியில் மூடுவது

வன்னி ஓட்டு வீடுகளின் கூரைக்குள் வௌவாலும் எலியும் சேர்ந்தே குடியிருக்கும். ஆனால் ஒரே வேலையில் இரண்டும் போகாது. வௌவால் ஒவ்வொரு அந்தியும் தானாக வெளியே போகிற உயிர். மரத்தைக் கடிக்கவோ சாந்தைத் தோண்டவோ அதற்குப் பல்லுமில்லை, நகமுமில்லை. போன பிறகு வாசலை அடைத்தால் போதும். எலி அப்படியல்ல. வெளியே நிற்கிற எலி அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் கடித்துப் புது வாசல் திறக்கும். உள்ளே அகப்பட்ட எலி வயரைக் கடிக்கும். நஞ்சு தின்ற எலி சீலிங்குக்கு மேல் செத்துக் கிடந்து வீட்டையே நாறடிக்கும். ஆகவே எலியைப் பிடித்துத் தீர்க்க வேண்டும். வௌவாலைப் போகவிட்டுத் தீர்க்க வேண்டும். எலி முதலில், தாவாரம் இரண்டாவது, வௌவால் மூன்றாவது, முகடு கடைசி. இந்த வரிசையைக் குழப்பின கூரைகளைத்தான் அடுத்த வருடமும் பிரிக்க வேண்டி வருகிறது.

கீழே வருகிற அளவுகள் 550 சதுர அடி வீட்டுக்கானவை. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எழுந்த வீடுகள் ஏறத்தாழ இந்த அளவுதான். 25 அடிக்கு 22 அடி, இரண்டு பக்கமும் சரிந்த கூரை, இரண்டு அடிக்கு ஒரு சலாகை, அதற்கு மேல் ஓடு கொளுவும் ரீப்பை என்று கணக்குப் போட்டிருக்கிறோம். உங்கள் வீடு பெரிதென்றால் தாவார நீளத்தையும் முகட்டு நீளத்தையும் அளந்து அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது எது

எச்சத்தைப் பார்த்தே பாதி முடிவை எடுக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு உருண்டையைக் கடதாசியில் வைத்துக் குச்சியால் அழுத்துங்கள். வௌவால் எச்சம் பொரபொரவென்று உதிர்ந்து தூளாகிவிடும். அந்தத் தூளை வெயிலில் பிடித்தால் வண்டுகளின் செட்டைத் துணுக்குகள் மினுங்கும். எலிப் புழுக்கை அப்படி உதிராது. புதிதென்றால் நசியும், பழையதென்றால் கல்லாக நிற்கும். கூரை எலியின் புழுக்கை அரை அங்குலம் வரை இருக்கும், முனைகள் கூர்ந்திருக்கும். சுண்டெலியினது அரிசியை விடச் சிறியது.

கிடக்கும் இடமும் கதை சொல்லும். வௌவால் எச்சம் ஒரே இடத்தில் குவியும், அல்லது வாசலுக்குக் கீழே சுவரில் ஒட்டியிருக்கும். அந்த வாசலின் விளிம்பு உடம்பு உரசி உரசிக் கபில நிறமாக எண்ணெய்ப்பசை பிடித்திருக்கும். எலிப் புழுக்கை அது ஓடுகிற பாதை முழுதும் சிதறிக் கிடக்கும். தீராந்தியின் (குறுக்கு உத்தரத்தின்) மேல்பக்கத்தில் கறுத்த கோடு விழுந்திருக்கும். சத்தத்திலும் வேறுபாடு உண்டு: பொழுது சாயும் நேரம் கீச்சிடுவது வௌவால், விளக்கணைத்த பிறகு ஓடித்திரிவது எலி.

விறாந்தையில் கொய்யாச் சக்கையும் பாலைப்பழ விதையும் விழுகிறதென்றால் அது பழந்தின்னி வௌவால். அது இரவில் பழத்தைக் கொண்டுவந்து தொங்கி நின்று தின்றுவிட்டுப் போவது, கூரைக்குள் குடியிருப்பதில்லை. அது நகம் கொளுவுகிற சலாகைத் துண்டில் வழுவழுப்பான பிளாஸ்ரிக் தகட்டை அடித்துவிட்டால் பிடி கிடைக்காமல் வேறு இடம் பார்க்கும். கூரையைத் தொடத் தேவையில்லை.

சீலிங்கில் தடதடவென்று கனத்த நடை கேட்டு, விதைகள் நிறைந்த எச்சமும் கிடந்தால் அது மரநாய். அதற்கு ஓடு விலகின பெரிய ஓட்டை ஒன்று எங்கேயோ இருக்கும். ஓட்டிடுக்கில் பாம்புச் சட்டை கண்டால், எலியைத் தேடிப் பாம்பும் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்தக் கூரையில் வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் எந்த ஓட்டுக்குக் கீழேயும் கை விடக்கூடாது.

அந்தியில் நின்று எண்ணுதல்

பகலில் கூரையைச் சுற்றி வந்து ஓட்டை தேடுவது அரைவேலை. பொழுது படுவதற்குக் கால்மணி முன்னரே இரண்டு பேர் வீட்டின் எதிரெதிர் மூலைகளில் நிற்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து இரண்டு பக்கச் சுவர் தெரியும் என்பதால் இருவர் போதும். வானம் கறுக்கும் வரை முக்கால் மணித்தியாலம் அசையாமல் நின்று, எந்த இடத்திலிருந்து எத்தனை புறப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரோச் அடிக்கக்கூடாது, வெளிச்சம் பட்டால் புறப்படாமல் உள்ளேயே நின்றுவிடும். மழை இரவிலும் பலத்த காற்றிலும் எண்ணுவது வீண், பாதி வெளியே வராது.

ஓட்டிடுக்கில் இருப்பவை பெரும்பாலும் பெருவிரல் அளவு உடம்புள்ள பிப்பிஸ்ட்ரெல் வகைச் சின்ன வௌவால்களும், அதைவிடப் பெரிய ஸ்கோட்டோபிலஸ் என்கிற மஞ்சள் வௌவால்களும்தான். சின்னவைக்கு அரை அங்குல இடுக்குப் போதும். ஆகவே கை போகாத வெடிப்பு என்று எதையும் ஒதுக்கக்கூடாது. முகட்டோட்டின் இரண்டு முனைகள், சாந்து விலகின முகட்டு விளிம்பு, முக்கோணச் சுவரும் ஓடும் சந்திக்கும் கோடு, தாவாரத்தின் கடைசி வரி ஓட்டுக்குக் கீழே உள்ள வளைவு, மின்கம்பி உள்ளே வரும் குழாய் வாய், காற்றுக் கல்லின் ஓட்டைகள்: பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். போருக்கு முந்திய வீடுகளில் செல் சன்னம் (குண்டுத் துணுக்கு) துளைத்த ஓட்டைகளும் சேரும். வெளியே பூசி மறைத்திருப்பார்கள், உட்பக்கம் திறந்தே இருக்கும்.

அப்படி நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்து திரும்பவும் குடியேறிய வீட்டின் கூரைக்குள் இனந்தெரியாத இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடாமல் இறங்கிவிடுங்கள். பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகே வேலையைத் தொடர வேண்டும்.

குஞ்சு இருந்தால் வேலை இல்லை

இந்த இடத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. பறக்காத குஞ்சு உள்ளே இருக்கும்போது தாயை வெளியே விட்டு வாசலை அடைத்தால், குஞ்சுகள் பசியில் செத்துச் சீலிங்கில் புழு வைக்கும். தாய்கள் உள்ளே போக வழி தேடி யன்னலாலும் கதவிடுக்காலும் அறைக்குள் வரும். கொடுமை ஒரு பக்கம், வேலையே கெட்டுப்போவது மறுபக்கம். வெப்ப நாட்டு வௌவால்களில் சில வருடத்துக்கு ஒருமுறை ஈனும், சின்னவற்றில் சில ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஈனும். எனவே மாதத்தை நம்பாமல் நேரே பார்க்க வேண்டும்.

அந்தியில் எல்லாம் புறப்பட்டுப் போன பிறகு, ரோச் கண்ணாடியில் சிவப்புப் பொலித்தீன் சுற்றிக்கொண்டு சீலிங் வாசலால் பாருங்கள். மயிர் முளைக்காத இளஞ்சிவப்புக் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், அல்லது தொடர்ந்த மெல்லிய கீச்சொலி கேட்கும். இருந்தால் ஆறு ஏழு கிழமைக்கு வேலையை ஒத்திப்போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். எலி வேலையை அதற்குள் முடிக்கலாம்.

காலம் என்று பார்த்தால், ஐப்பசி முதல் தை வரை கூரையைப் பிரிப்பது புத்தியில்லை. வடகீழ்ப் பருவமழை நேரம். பெரும்போக அறுவடை முடிந்து வெயில் ஏறுகிற மாசி, பங்குனி நல்லது. ஆனி, ஆடியில் சோளகம் பலமாக அடிக்கும்போது தென்மேற்குப் பக்கத்தில் தொங்கவிட்ட வலை படபடத்துச் சுருண்டு வாசலையே அடைத்துவிடும். அந்தப் பக்கத்து வாசல் என்றால் காற்று ஓயும் வரை பொறுங்கள்.

சாமான்

கால் அங்குலக் கண் உள்ள, நாகம் பூசிய, ஒட்டுப்போட்ட கம்பிவலை: 3 அடி அகலத்தில் 20 அடி. அதை 9 அங்குலப் பட்டிகளாக நாலாக வெட்டினால் 80 அடி கிடைக்கும். தாவாரத்துக்கு ஏறத்தாழ 54 அடி போக, மீதி காற்றுக் கல்லுக்கும் முக்கோணச் சுவருக்கும். அரை அங்குலக் கண் மலிவு என்று வாங்கினால் எலிக்குஞ்சும் சுண்டெலியும் நுழையும். அலுமினிய நுளம்பு வலையையும் பிளாஸ்ரிக் வலையையும் எலி ஒரே இரவில் கடித்துவிடும்.

இவற்றோடு ஒரு அங்குல யூ ஆணி ஒரு கிலோ, மாற்று ஓடு இருபது, சீமெந்து அரை மூடை, 15 லீற்றர் வாளியால் ஐந்து வாளி ஆற்று மணல், அரை வாளி நீறின சுண்ணாம்பு, நாலு மில்லிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள நைலோன் வலை 2 யார், இரண்டு அங்குலப் பிவிசி குழாய் 4 அடி, மெல்லிய சொப்பிங் பை சில, அடி எலிப்பொறி பத்து. ஆளுக்கு என்95 முகக்கவசம், றப்பர் கையுறை, அதற்கு மேல் தடித்த தோல் கையுறை, கண்ணாடி, நீளக்கை உடுப்பு. பழைய கலிகட் ஓட்டின் அச்சும் இப்போது தங்கொட்டுவை, வைக்கால் பக்கத்திலிருந்து வரும் ஓட்டின் அச்சும் எப்போதும் பொருந்துவதில்லை. ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் கொளுக்கியும் வாய்க்காலும் சேருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொருந்தாத ஓடு விடுகிற இடைவெளிதான் அடுத்த வாசல்.

எலி

முதலில் பாலத்தை உடைக்க வேண்டும். கூரைக்கு ஆறு அடிக்குள் வருகிற மா, முருங்கை, வேம்புக் கிளைகளை வெட்டுங்கள். தென்னோலை ஓட்டில் உரசினால் அதைக் கழித்துவிட்டு, மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகரம் சுற்றுங்கள். நெல்மூடை வீட்டுக்குள் அடுக்கியிருந்தால் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பலகைத் தட்டில் தூக்கி வையுங்கள். அறுவடைக்குப் பிறகு வயல் வெறிதாகும்போது எலி வீட்டுப் பக்கம் வரும். நெல்லும் வீட்டுக்குள் இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்.

பொறியைக் கொண்டுபோய் வைத்தவுடன் அமர்த்தி விடாதீர்கள். கூரை எலி புதிதாகக் கண்ட பொருளை ஒதுங்கிப் போகும். இரண்டு மூன்று இரவு பொறியை அமர்த்தாமல், இரையை மட்டும் வைத்துத் தின்னப் பழக்குங்கள். சுட்ட தேங்காய்ச் சொட்டும் கருவாட்டுத் துண்டும் கச்சானும் நன்றாக எடுபடும். இரையை நூலால் பொறித்தட்டில் கட்டுங்கள், இல்லாவிட்டால் பொறி அடிக்காமலே கொண்டு போய்விடும். பிறகு பத்துப் பொறியையும் ஒரே இரவில் அமர்த்துங்கள். ஒன்றிரண்டாக வைத்தால் மிச்சம் உள்ளவை பயம் பழகிவிடும்.

வைக்கும் இடம் கறுத்த கோடு விழுந்த பாதை: சுவருக்கு மேல் கிடக்கும் வளைமரம், தீராந்தி. இரைப்பக்கம் சுவரை முட்டினபடி குறுக்காக வைத்து, பொறியைக் கம்பியால் மரத்தில் கட்டுங்கள். கட்டாவிட்டால் அரைகுறையாக அடிபட்ட எலி பொறியையும் இழுத்துக்கொண்டு கை எட்டாத மூலைக்குப் போய்விடும். வௌவால் ஊர்ந்து வரக்கூடிய இடமென்றால் மேலே ஒரு தகர மூடி வளைத்துப் போடுங்கள். ஒட்டும் அட்டை கூரைக்குள் வேண்டவே வேண்டாம். வௌவாலும் பல்லியும் ஒட்டி உயிரோடு துடிக்கும்.

நஞ்சைப் பற்றி எங்கள் முடிவு தெளிவானது: கூரைக்குள் நஞ்சு வைக்காதீர்கள். இரத்தம் உறையவிடாத வகை நஞ்சைத் தின்ற எலி சாக நாள்கள் எடுக்கும். அது செத்துக் கிடக்கும் இடம் உங்களுக்குத் தெரியாது. அந்த எலியைப் பிடித்துத் தின்கிற பூனைக்கும் ஆந்தைக்கும் நஞ்சு ஏறும். வயலில் எலி பிடிக்கிற ஆந்தையை வீட்டில் வைத்த நஞ்சால் கொல்வது விவசாயிக்குத்தான் நட்டம்.

தொடர்ந்து ஐந்து இரவு ஒன்றும் விழாவிட்டால் தீராந்தியில் மெல்லிதாகச் சாம்பல் தூவிவிட்டுக் காலையில் பாருங்கள். கால் அடையாளம் இல்லையென்றால் மட்டும் அடுத்த வேலைக்குப் போகலாம். விழுந்த எலியைக் கையுறையோடு எடுத்து, பையில் கட்டி ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். எலிக்காய்ச்சல் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 2024 டிசம்பரில் வடக்கில் பரவிய காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்றே உறுதியானது. எலி மூத்திரம் பட்ட ஈரத்தில் காலில் கையில் புண்ணோடு வேலை செய்யாதீர்கள். வேலை செய்த பின் வருகிற காய்ச்சலை மூன்று நாள் பார்த்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் போய், எலி பிடித்த விடயத்தையும் சொல்லுங்கள்.

தாவாரம்

மெயின் சுவிற்சை நிறுத்திவிட்டு ஏறுங்கள். கூரைக்குள் உள்ள வயரை முதலில் முழுதாகப் பாருங்கள். பல் பட்டுச் செம்பு தெரிகிற வயரின் மேல் கம்பிவலை பட்டால் வலை முழுதும் மின்சாரம் ஏறும். அப்படி ஒன்று கண்டாலும் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு மாற்றி, குழாய்க்குள் போட்ட பின்பே வலை அடிக்க வேண்டும்.

கீழ் வரி ஓட்டைக் கழற்ற, மேல் வரி ஓட்டை இரண்டு அங்குலம் மேலே தள்ளினால் கீழ் ஓட்டின் கொளுக்கி விடும். ஓட்டில் நடக்கவே கூடாது. சலாகைகளுக்குக் குறுக்காகப் பலகை போட்டு அதில் நில்லுங்கள். வலைப்பட்டியை 26 அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் மடித்து, வளைமரத்திலிருந்து ரீப்பையின் அடிப்பக்கம் வரை சலாகைகளுக்கு இடையே நிமிர்த்தி நிறுத்துங்கள். மூன்று அங்குலத்துக்கு ஒரு ஆணி. பனஞ்சலாகையின் வைரத்தில் ஆணி நேரே இறங்காது, வளையும் அல்லது மரம் வெடிக்கும். இரண்டு மில்லிமீற்றர் துளை போட்டுவிட்டு அடியுங்கள். துண்டின் மேல் ஓரம் ஓட்டின் வளைவுக்குப் பொருந்தாமல் நிற்கும். அந்த ஓரத்தைத் தகரக் கத்திரியால் அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, விரல் விரலாக வளைத்து ஓட்டின் அடியோடு சேருங்கள். சிரமமான வேலைதான். இதைச் செய்யாமல் விட்டால் மிச்சம் எல்லாம் வீண்.

இந்த இடைவெளியைச் சீமெந்தால் முழுக்கப் பூசி அடைக்கிற மேசன்மார் உண்டு. வேண்டாம். தாவாரத்தால் ஏறி முகட்டால் போகிற காற்றுத்தான் ஓட்டு வீட்டைச் சித்திரை வெயிலில் இருக்கத்தக்கதாக வைத்திருக்கிறது. ஃபோம் அடித்து அடைப்பதும் பயனில்லை, எலி அதைச் சோளப்பொரி போலக் கொறிக்கும்.

வௌவால் தாவாரத்தால்தான் போய்வருகிறது என்று அந்தியில் கண்டிருந்தால், அந்த ஒரு இடைவெளியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடையுங்கள். வௌவால் பாவிக்காத சின்ன ஓட்டைகள், சன்ன ஓட்டைகள், குழாய் வாய்கள் எல்லாவற்றையும் இந்தக் கட்டத்திலேயே மூடிவிட வேண்டும். முகட்டில் வெடித்திருக்கும், ஆனால் எண்ணெய்ப்பசை இல்லாத இடங்களில் சாக்குத் துண்டைச் சுருட்டித் தற்காலிகமாகச் செருகுங்கள். சாந்து இப்போது வேண்டாம்.

ஒருவழி வாசல்

வெளியே வரலாம், திரும்பப் போகமுடியாது. இவ்வளவுதான் தத்துவம். வாசலின் வடிவத்தைப் பார்த்து இரண்டில் ஒன்று செய்யலாம்.

சுவரும் கூரையும் சந்திக்கிற நீள வெடிப்பு என்றால் வலை. நைலோன் வலையை வாசலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு அடி தள்ளி, கீழே இரண்டு அடி தொங்கும்படி வெட்டுங்கள். மேல் ஓரத்தையும் இரு பக்கத்தையும் மெல்லிய ரீப்பைத் துண்டு வைத்து ஆணியடியுங்கள். கீழ் ஓரம் திறந்திருக்க வேண்டும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தளர்ந்து தொங்கட்டும். அந்தியில் வௌவால் வாசலால் வந்து, வலைக்கும் சுவருக்கும் நடுவே தலைகீழாக ஊர்ந்து இறங்கி, கீழ் ஓரத்தில் ஒரு கணம் நின்று, விழுவது மாதிரி விட்டுப் பறக்கும். விடியப் புறம் திரும்பி வருவது தன் பழைய வாசல் மணத்துக்கு நேரே வந்து வலையின் மேல் பாதியில்தான் ஒட்டும். கீழே இறங்கி உள்ளே ஏறுகிற யோசனை அதற்கு வராது. வலை ஒரு அடிதான் தொங்குகிறதென்றால் சில கண்டுபிடித்து ஏறிவிடும். அதனால்தான் இரண்டு அடி. மீன்வலையைப் போடாதீர்கள், அந்தக் கண்ணில் செட்டை சிக்கித் தொங்கிச் சாகும்.

முகட்டு முனை, காற்றுக் கல், சன்ன ஓட்டை போன்ற வட்ட வாசலுக்குக் குழாய். பிவிசி குழாயைப் பத்து அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். உள்முனை ஓட்டைக்குள் அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. நீண்டால் வௌவால் அந்த விளிம்பைத் தாண்டிக் குழாய்க்குள் இறங்காது. வெளிமுனை கொஞ்சம் கீழ் நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். சொப்பிங் பையின் அடியை வெட்டி எட்டு அங்குல நீளக் கையாக்கி வெளிமுனையில் ரேப்பால் சுற்றி ஒட்டுங்கள். உள்ளிருந்து வருவது அந்தப் பையைத் தள்ளிக்கொண்டு வரும். வந்தபின் பை தளர்ந்து வாயை மூடும், குழாயின் உள்பக்கம் வழுக்குவதால் ஏறவும் முடியாது. குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சாக்குத் துண்டால் இறுக்குங்கள். கீழே மூன்று நாலு அடிக்கு விறகு, கொடி, கூண்டு எதுவும் இருக்கக்கூடாது. வௌவால் விழுந்துதான் செட்டையை விரிக்கும்.

முதல் அந்தி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வலைக்குள் கூடி நின்று தவித்தால் வலை இறுகியிருக்கிறது, தளர்த்துங்கள். வாசலில் ஒன்றும் வராமல் வேறெங்கேயோ இருந்து பறந்தால் மூடாத ஓட்டை ஒன்று இருக்கிறது. அடுத்த நாள் அதை மூடுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் பிழையாகப் போகும். மழையில்லாத ஏழு இரவு விட்டுவைக்கவும். மழை பெய்த இரவு கணக்கில் வராது. அடுத்தடுத்து இரண்டு அந்தியில் ஒன்றும் வெளியே வராமல், உள்ளே சிவப்பு ரோச்சுக்கும் ஒன்றும் தெரியாவிட்டால், அடுத்த காலை வலையைக் கழற்றி அன்று பொழுது படுமுன்னரே அந்த வாசலைக் கம்பிவலையால் அடைத்துவிடுங்கள். ஒரு இரவு திறந்து விட்டாலும் திரும்பி வந்துவிடும். பழைய இருப்பிடத்தை அது இலேசில் மறக்காது.

இந்த நாள்களில் ஒன்று வழிதவறி அறைக்குள் வந்தால் மின்விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து, யன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். தானாகப் போய்விடும். நிலத்தில் விழுந்து கிடப்பதை வெறுங்கையால் எடுக்கக்கூடாது. பெட்டியால் மூடி, அடியில் மட்டையைச் செருகி எடுங்கள். கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் பெரிய பழந்தின்னி வௌவால்களில் விசர்நோய்க் கிருமிக்கு உறவான லிசாவைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது. வௌவால் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதன் பல்லுக் காயம் ஊசி குத்தினது மாதிரி, கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். நித்திரையில் இருந்த பிள்ளையின் அறையில் வௌவால் கிடந்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முகடு

வௌவால் போனதென்று உறுதியான பிறகே முகட்டோட்டைக் கிளப்ப வேண்டும். 28 அடி முகட்டுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று முகட்டோடு போகும். பழைய சாந்தை முழுதும் தட்டி எடுங்கள். அதன் மேலேயே புதிதைப் பூசினால் ஒரு மழைக்குள் விலகும். சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு அரை, மணல் நாலரை. சீமெந்தைக் கூட்டினால் பலம் என்று நினைத்துக் கொழுப்பாகக் குழைப்பவர்கள்தான் பலர். அந்தச் சாந்து வெயிலில் சுருங்கி ஓட்டிலிருந்து நூல் கனத்துக்கு விலகும், அந்த நூல் வருடத்தில் அரை அங்குலமாகும். முல்லைத்தீவு, நாயாற்றுக் கரையோர உப்பு மணலும் வேண்டாம். சாந்து பொரிந்து கொட்டும்.

முகட்டோட்டை அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் சாந்தின் ஈரத்தை ஓடே குடித்துவிடும். இரு விளிம்பில் மட்டும் சாந்து வைத்து நடுவை வெறுமையாக விடுங்கள். மேல்வரி ஓட்டின் வாய்க்காலுக்குள் ஓட்டுச் சில்லொன்றைச் சாந்தோடு செருகி அடைத்தால்தான் முகடு உண்மையில் அடைபடும். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு வேலையைத் தொடங்கி, ஈரச் சாக்கால் மூடி ஐந்து நாள் நனைத்துவாருங்கள்.

எச்சத்தை அள்ளுதல்

காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டுவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தானது. அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சணம் இருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பூங்கன்றுக்குத் தெளிக்கிற கைத்தெளிப்பானால் சவர்க்காரத் தண்ணீர் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தட்டையான அகப்பையால் அள்ளிப் பையில் போடுங்கள். வயலுக்கு மருந்தடித்த தெளிகருவியைக் கூரைக்குள் கொண்டுபோகாதீர்கள். அள்ளிக் கழுவித் துடைத்த பிறகுதான் குளோரின்: 5 வீதத் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. மூத்திரம் தோய்ந்த இடத்தில் நேரே குளோரின் ஊற்றினால் மூச்சை அடைக்கிற வாயு எழும். சீலிங் பலகை மூத்திரத்தில் ஊறி வளைந்திருந்தால் கழுவுவதை விட மாற்றுவதே மலிவு.

வௌவால் எச்சம் நல்ல பசளை. எலிப் புழுக்கை கலக்காததை மட்டும் ஈரத்தோடு குழியில் போட்டு, மண்ணும் இலைகுழையும் மூடி நாலைந்து மாதம் உக்கவிட்டு வாழைக்கும் எலுமிச்சைக்கும் போடலாம். கலந்ததை ஆழப் புதையுங்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பூச்சி உருண்டை, மிளகாய்ப் புகை, வெடி, காதுக்குக் கேளாத சத்தம் எழுப்பும் கருவி எல்லாம் விற்பனையிலும் பேச்சிலும் உண்டு. வாசல் திறந்திருக்கும் வரை இவற்றால் ஒரு பயனும் இல்லை. பூச்சி உருண்டையின் ஆவியைக் கீழே படுத்திருக்கும் பிள்ளைகள்தான் சுவாசிப்பார்கள். ஓட்டுக்குக் கீழே புகை போடுவதால் காய்ந்த சலாகையில் தீப்பிடிக்கும். பூச்சிமருந்து அடித்தால் நோய்ப்பட்ட வௌவால்கள் முற்றத்தில் விழுந்து கிடக்கும், பிள்ளைகள் கையால் எடுப்பார்கள்.

வீட்டுக்குள் வேண்டாம், ஆனால் வளவுக்குள் இருக்கட்டும் என்பவர்கள் பெட்டி வைக்கலாம். வயல் பூச்சியைத் தின்கிற உயிரை ஊரைவிட்டே கலைக்கத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணமும். இரண்டு அடி உயரம், ஒன்றரை அடி அகலம், அறுக்கப்பட்ட சொரசொரப்பான பலகை இரண்டு, இரண்டுக்கும் நடுவே முக்கால் அங்குல இடுக்கு, அடி திறந்தது. மத்தியான வெயில் படாத சுவரிலோ கம்பத்திலோ 12 அடி உயரத்தில் பூட்டுங்கள். ஒருவழி வாசல் போடுவதற்கு ஒரு மாதம் முன்னரே பூட்டினால் அவை அதைக் கண்டு வைத்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய், வார்னிஷ் பூசக்கூடாது.

ஐப்பசியில் முதல் மழை பெய்து விட்டதும் கூரைக்குள் ஒருமுறை ஏறுங்கள். பகலில் விளக்கில்லாமல் சீலிங்குக்கு மேல் இருந்து பார்த்தால் வெளிச்சம் கோடாக விழும் இடமெல்லாம் தெரியும். முகட்டில் விழும் கோட்டைச் சாந்தால் அடையுங்கள், தாவாரத்தில் கம்பிவலை மேல் ஓரம் ஓட்டைவிட்டு விலகியிருந்தால் திரும்ப வளைத்து ஆணியடியுங்கள். தீராந்தியில் மீண்டும் கொஞ்சம் சாம்பல் தூவி, ஒரு இரவு விட்டுப் பாருங்கள். கால் அடையாளம் விழுந்திருந்தால் அன்றே பொறியை ஏற்றுங்கள்; கூரை எலி சினைப்பட்டு மூன்று கிழமையில் ஈன்றுவிடும்.